கல்லூரிக்குள் விளையாட்டுக்கூடமும் கலையரங்கமும்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயா கல்லூரி, பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரி, ராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி, மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் என்று வடசென்னையில் வளாகங்களுக்குக் குறைவில்லை. எந்த வளாகத்திலாவது புதுக் கட்டடம் என்று பேச்சு அடிபட்டால் போதும், மாணவர்களும் பெற்றோரும் பக்கத்துத் தெருக்காரர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். இங்கே எந்த ஒரு கல்லூரியின் திட்டத்தைப் பற்றியும் நான் பேசவில்லை. கட்டட வேலையில் பிழைத்து, சாயங்காலங்களைக் கேரம் போர்டில் தொலைத்தவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். சில பதில்களில் என் சாய்வு தெரியும், தெரியட்டும்.

கிரவுண்டு இருக்கும்போது கூரை போட்ட கட்டடம் எதற்கு?

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். கல்லூரி திறந்து, டீம் எடுத்து, பயிற்சி சூடு பிடிக்கும் நேரமும் அதேதான். களிமண் கிரவுண்டில் நல்ல மழை ஒன்று பெய்தால் நாலைந்து நாளைக்குக் கால் வைக்க முடியாது. ஏப்ரல், மே வெயில் தனிக்கதை.

அதற்காகக் கூடம் கட்டுகிறேன் என்று கிரவுண்டைத் தின்றுவிடக் கூடாது. எட்டு லேன் உள்ள 400 மீட்டர் ஓடுபாதைக்கு ஏறக்குறைய 177க்கு 93 மீட்டர் இடம் வேண்டும், அதாவது சுமார் 4 ஏக்கர். நெருக்கியடித்து வாழும் இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வெற்றிடம் போனால் போனதுதான். புட்பால், ஹாக்கி, ஓட்டம், ஈட்டி எல்லாம் வெட்டவெளியில் நடக்கட்டும். புதுக் கட்டடத்தை, எப்படியும் இடிக்க வேண்டிய பழைய பிளாக் இருக்கும் இடத்திலோ, ஒரு மூலையிலோ வைத்தால் இரண்டும் பிழைக்கும்.

எந்தெந்த விளையாட்டுக்கு இடம் ஒதுக்க வேண்டும்?

இங்கே ஆடப்படுவதற்கு. சொல்லவே வேண்டாம் என்று தோன்றும், ஆனால் நிறைய வரைபடங்களில் ஸ்குவாஷ் கோர்ட் இருக்கும், கேரம் அறை இருக்காது.

கேரமில் வடசென்னை என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். வியாசர்பாடியில் இருந்து போன இளவழகி உலகச் சாம்பியன் ஆனார். புதுவண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் வாங்கி வந்தார். சென்னைக்காரரான மரிய இருதயத்துக்கு இந்த ஆட்டத்துக்காகவே 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது கிடைத்தது. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988இல் உருவானதும் சென்னையில்தான். இத்தனைக்குப் பிறகும் கல்லூரிகளில் கேரம் என்றால் கேன்டீன் ஓரத்தில் கால் ஆடும் ஒரு மேசை.

கேரம் அறைக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம்தான். ஆனால் கவனிக்க வேண்டிய சின்னச் சின்ன விஷயங்கள் உண்டு. உட்கார்ந்த பிறகு நாற்காலியை நகர்த்தக் கூடாது என்பது விதி, அதனால் தரை ஒரே மட்டமாக இருக்க வேண்டும். டைல் ஒட்டி முடித்ததும் கொத்தனாரின் ரசமட்டத்தை வாங்கி நீங்களே வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு போர்டுக்கும் மேலே நிழல் விழாதபடி ஒரு விளக்கு தொங்க வேண்டும். விசிறி நேர் மேலே இருந்தால் போரிக் பவுடர் பறந்துவிடும். கடல் ஈரத்தில் பவுடர் கட்டி தட்டும், பிளைவுட் நெளியும். போர்டுகளைக் குத்துக்கல்லாகச் சுவரில் சாய்த்து வைக்காமல் அடுக்கி வைக்க உலர்ந்த ஒரு அலமாரி வேண்டும். இவ்வளவுதான்.

அடுத்தது பாக்ஸிங். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டையைப் பரம்பரை கட்டி வளர்த்த பகுதி இது. கயிற்றுக்குள் 6.1 மீட்டர் சதுரமுள்ள ஒரு ரிங், சுற்றிலும் நடக்க இடம், பை தொங்கவிட உத்தரத்தில் கொக்கி. கொக்கியைப் பின்னால் துளை போட்டு மாட்டாதீர்கள். கான்கிரீட் போடும் முன்பே என்ஜினீயரிடம் சொல்லி அந்த எடைக்கும் உதறலுக்கும் ஏற்றபடி வைக்கச் சொல்லுங்கள்.

கபடிக்கு ஆண்களுக்கு 13க்கு 10, பெண்களுக்கு 12க்கு 8 மீட்டர் ஆடுகளம். இப்போது போட்டிகள் மேட் என்ற செயற்கை விரிப்பின் மேல் நடப்பதால் பயிற்சியும் அதன் மேல்தான் இருக்க வேண்டும், மண்ணில் பழகியவர்கள் முதல் நாள் வழுக்கி விழுவார்கள். சிலம்பம் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. கம்பு சுழற்ற உயரம் வேண்டும். தாழ்வான ஃபால்ஸ் சீலிங் இருந்தால் முதல் வாரமே கிழியும்.

வியாசர்பாடி புட்பாலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தனபால் கணேஷ் மாதிரி ஆட்டக்காரர்களைக் கொடுத்த பகுதி. அவர்களுக்குத் தேவை கட்டடம் அல்ல, ஒரு நல்ல கிரவுண்டும் வெளிச்சமும்.

ஒரே பெரிய கூடத்தில் எல்லாவற்றையும் ஆட முடியாதா?

பாதி முடியும். பாஸ்கெட்பால் கோர்ட் 28க்கு 15 மீட்டர். அதைச் சுற்றித் தேவையான இடம் விட்டால், அதே பரப்பில் வாலிபால் ஒன்று, பேட்மிண்டன் மூன்று நான்கு என்று கோடு மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். உயரத்தில்தான் சிக்கல். வாலிபாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும் 7 மீட்டர் தடையில்லாத உயரம் கேட்பார்கள். பேட்மிண்டனுக்குச் சர்வதேச அளவில் குறைந்தது 9 மீட்டர். இந்த உயரம் உத்தரத்தின் அடிவரை, விளக்கு, டக்ட் என்ற காற்றுக் குழாய் எல்லாவற்றுக்கும் கீழே அளக்க வேண்டியது. கூரையின் உச்சியை அளந்து "ஒன்பது மீட்டர் சார்" என்று சொல்பவர்கள் உண்டு.

பேட்மிண்டனுக்கு இன்னொரு தொல்லை காற்று. இறகுப் பந்துக்கு ஜன்னல் காற்றும் ஆகாது, விசிறிக் காற்றும் ஆகாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் விசிறி இல்லாமல் பாஸ்கெட்பால் ஆடுகிறவன் சுருண்டு விழுவான். ஆகவே நேரம் பிரித்துக்கொள்வதுதான் வழி. சுவரின் மேல்பகுதியில் வரிசையாக லூவர் (சாய்ந்த தகடு வைத்த காற்றுத் திறப்பு) வைத்து, சூடான காற்று மேலே ஏறி வெளியேறும்படி செய்தால் இரண்டு தரப்பும் பிழைக்கலாம். கோர்ட்டின் முனைச் சுவர்களில் மட்டும் கண்ணாடி வேண்டாம். எதிர் வெளிச்சத்தில் பந்து தெரியாது. முகப்பு அழகுக்காகக் கண்ணாடி வைத்துவிட்டு அப்புறம் பழைய ஃபிளெக்ஸைக் கட்டி மறைத்த கூடத்தை நான் பார்த்திருக்கிறேன்.

தரைக்கு மரமா, சிந்தெடிக்கா, சிமெண்டா?

முழங்காலைக் கேட்டால் மரம் என்று சொல்லும். கீழே ரீப்பர் அடித்து, ரப்பர் திண்டு வைத்த மரத்தளம் காலுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஆனால் மரம் ஈரத்தைக் குடித்து ஊதும், காய்ந்தால் சுருங்கும். சுவரோரம் இடைவெளி விட வேண்டும், அடியில் ஈரம் ஏறாத ஷீட் விரிக்க வேண்டும். துப்புரவுப் பணியாளர் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் ஒரே பருவத்தில் பலகை தூக்கிக்கொள்ளும், அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடத்தில், பராமரிக்க ஆள் நிச்சயம் இல்லை என்றால், நல்ல சிந்தெடிக் தளம் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். வெறும் சிமெண்டும் கிரானைட்டும் வேண்டவே வேண்டாம்.

கடல் இவ்வளவு பக்கத்தில். கட்டடம் தாங்குமா?

கம்பி துருப்பிடிப்பதைப் பொறுத்தது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் வீட்டு பால்கனி அடியில் பார்த்தால் தெரியும்: காங்கிரீட் பிளந்து, உள்ளே செங்காவி நிறத்தில் கம்பி பல்லிளிக்கும். உப்பு கலந்த காற்றும் ஈரமும் கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியை அரிக்கின்றன. துரு, கம்பியைவிட அதிக இடம் பிடிப்பதால் மேலே இருக்கும் காரையை உடைத்துத் தள்ளுகிறது.

இதற்கு விதி தெளிவாக இருக்கிறது. இந்திய தர நிர்ணயம் 456, கடற்கரைச் சூழலில் உள்ள கான்கிரீட்டைக் 'கடுமையான' நிலை என்று வகைப்படுத்தி, குறைந்தது எம்-30 என்ற வலுத்தரக் கலவையும், கம்பியை மூடி 45 மி.மீ. கான்கிரீட்டும் (இதுதான் கவர்) கேட்கிறது. கடல் நீர்த் துளியே படும் இடத்தில் எம்-35, 50 மி.மீ. வரைபடத்தில் இதை எழுதாத கட்டடக் கலைஞர் இல்லை. தவறு நடப்பது சென்ட்ரிங் பலகையின் மேல். கம்பிக்கு அடியில் அளவான கவர் பிளாக் வைக்காமல், கையில் கிடைத்த ஜல்லியை நெம்பி வைத்துவிட்டுப் போவார்கள். காங்கிரீட் ஊற்றும்போது ஜல்லி நகரும், கம்பி பலகையில் உட்கார்ந்துவிடும். பிறகு யாராலும் பார்க்க முடியாது. கான்கிரீட் போடும் நாளன்று காலையில் சிவில் படித்த யாராவது ஒருவர் குனிந்து பார்த்தால் கட்டடத்துக்கு இருபது வருடம் கூடும் என்பது என் கணக்கு.

கூடத்தின் கூரை இரும்பு டிரஸ் என்றால் கால்வனைஸ் செய்தது, போல்ட்டும் அதே தரம். பெயின்ட் அடித்த இரும்பு இங்கே போதாது.

மழைக்காலத்தில் வளாகமே ஏரியாகிவிடுகிறதே, அதற்கு என்ன செய்வார்கள்?

இடத்துக்கு இடம் மாறும். கடலோரம் மணல் மேடு, தண்ணீர் இறங்கிவிடும். மேற்கே வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கம் தாழ்வான நிலம், களிமண். பக்கிங்காம் கால்வாயும் கொடுங்கையூர்க் கால்வாயும் நிரம்பினால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எங்கே எவ்வளவு நின்றது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள், சுவரில் கையால் தொட்டுக் காட்டுவார். பேஸ்மட்டம் அந்தக் கறைக்கு மேலே இருக்க வேண்டும். வெளியே ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே போவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஈ.பி. பேனலும் ஜெனரேட்டரும் தரைக்குக் கீழே போகவே கூடாது. மழைநீர் சேகரிப்பு 2003 முதலே தமிழ்நாட்டில் கட்டாயம்; இவ்வளவு பெரிய கூரையில் விழும் தண்ணீரைக் கிணற்றுக்கு அனுப்பாமல் தெருவில் விட்டால் அண்டை வீட்டுக்காரர் சும்மா விடமாட்டார்.

இன்னொன்று யாரும் பேசுவதில்லை. வெள்ளம் வந்தால் மக்களைத் தங்கவைக்கப் பள்ளி, கல்லூரி, மண்டபம்தான் கிடைக்கும். விளையாட்டுக்கூடத்தைத்தான் முதலில் திறக்கச் சொல்வார்கள், மரத்தளம் அன்றோடு முடிந்தது. கலைக் கட்டடத்தின் முதல் மாடியில் பயிற்சி அறைகள், போதுமான கழிவறை, ஒரு சமையல் மேடை, சாய்தளம் என்று முன்கூட்டியே திட்டமிட்டால் முகாமை அங்கே நடத்தலாம். இதை இப்போதே வரைபடத்தில் கேட்டு வாங்க வேண்டும். டிசம்பரில் கேட்டால் கிடைக்காது.

ஆண்டு விழாவையும் அதே விளையாட்டுக்கூடத்தில் நடத்திக்கொண்டால் ஒரு கட்டடம் மிச்சமாகுமே?

காது கேட்டுக்கொண்டிருந்தால் இப்படிக் கேட்க மாட்டோம். 40 மீட்டர் நீளம், 25 அகலம், 12 உயரம் உள்ள ஒரு கூடத்தில் காற்றின் கொள்ளளவு 12,000 கன மீட்டர். தரை, சுவர், தகட்டுக் கூரை எல்லாமே கடினமான பரப்பு. கைதட்டினால் அந்த ஒலி அடங்க ஐந்து விநாடிக்கும் மேல் ஆகும். பேச்சு புரிய வேண்டுமானால் ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் அடங்க வேண்டும். சிறப்பு விருந்தினர் பேசிய முதல் வார்த்தை ஐந்தாவது வார்த்தையின் மேல் ஏறி உட்காரும். பின்வரிசை செல்போனைப் பார்க்கும், அவர்கள் மேல் குற்றமில்லை. நவம்பரில் தகட்டுக் கூரையில் மழையும் சேர்ந்துகொண்டால் மைக்கே தேவையில்லை, எப்படியும் கேட்காது.

ஒலியை உறிஞ்சும் பலகைகளைச் சுவரிலும் கூரையிலும் பதிக்கலாம். மெல்லிய ஃபோம் ஒட்டினால் கீச்சுக் குரல் மட்டும் அடங்கும், பறையின் அடித்தொனி அப்படியே சுற்றும். அதற்குத் தடிமன் வேண்டும், பின்னால் காற்று இடைவெளி வேண்டும். பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு நாள் சமாளிக்கலாம். நாடகத்துக்கும் பாட்டுக்கும் தனி இடம்தான் சரி.

கலைக் கட்டடம் என்றால் ஆயிரம் பேர் உட்காரும் ஆடிட்டோரியம்தானே?

கட்டுகிறவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்த ஆயிரம் நாற்காலி வருடத்தில் எத்தனை நாள் நிரம்பும்? ஆண்டு விழா, பட்டமளிப்பு, முத்தமிழ் விழா, ஒரு கருத்தரங்கம். மற்ற நாளெல்லாம் ஏ.சி. ஓடாமல் பூஞ்சை பிடித்துக் கிடக்கும்.

மாணவனுக்குத் தினமும் வேண்டியது பயிற்சி அறை. முந்நூறு பேர் உட்காரும் ஒரு சின்ன அரங்கம், அதன் மேடைக்குப் பக்கவாட்டில் போதிய இடம், செட் சாமான் இறக்க நேராக லாரி வந்து நிற்கும் ஒரு கதவு, கூடவே ஏழெட்டுப் பயிற்சி அறைகள் இருந்தால் ஆயிரம் நாற்காலியைவிட எனக்கு உசத்தி.

அந்த அறைகள் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் இந்த ஊரின் கலைகளிடம் கேட்க வேண்டும். பறையை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் பறையை அடிக்கும் முன் நெருப்பில் காய்ச்சுவார்கள். வைக்கோலோ காகிதமோ கொளுத்தி, தோலைச் சூட்டுக்கு நேரே காட்டித் திருப்பித் திருப்பிப் பிடித்து, விரலால் தட்டிப் பார்த்து, நாதம் ஏறியதும் எடுப்பார்கள். ஈரக்காற்றில் தோல் தொய்வதால் நிகழ்ச்சி நடுவிலேயே மறுபடியும் காய்ச்ச வேண்டி வரும். இதைப் புகை உணர்கருவி பொருத்திய, கார்பெட் விரித்த அறையில் செய்ய முடியுமா? பக்கத்திலேயே சுற்றுச்சுவர் வைத்த ஒரு முற்றம், ஒரு தண்ணீர்க் குழாய், மண் தரை போதும். இப்போது ஃபைபர் தோல் வந்துவிட்டது, காய்ச்ச வேண்டாம் என்பார்கள். சரி, தோல்தான் வேண்டும் என்பவர் எங்கே போவார்?

கானாவுக்கு மேடையே வேண்டாம். ஒரு டோலக், டேப் என்ற தோல்கருவி ஒன்று, சுற்றி உட்கார நாலு பேர். சாவு வீட்டில் விடிய விடியப் பாடி வளர்ந்த பாட்டு அது, இன்று செல்போனில் பதிவு செய்து வெளியிடுகிறார்கள். அவர்களுக்கு ஒலி வெளியே போகாத, வெளிச்சத்தம் உள்ளே வராத ஒரு சின்னப் பதிவு அறை பெரிய உதவி. வெளியே லாரி ஹாரன் ஓயாத எண்ணூர் நெடுஞ்சாலை மாதிரி ரோட்டோரத்தில், இரட்டைச் சுவரும் இரட்டைக் கதவும் இல்லாமல் அது நடக்காது.

பரதம் ஆடும் அறைக்கும் தரை முக்கியம். கான்கிரீட் மேல் ஒட்டிய கிரானைட்டில் தட்டடவு போட்டுப் பழகினால் முப்பது வயதில் முழங்கால் கணக்கு கேட்கும்.

சபா, நாடகம் எல்லாம் தெற்குப் பக்கத்துச் சமாச்சாரம் இல்லையா?

இல்லவே இல்லை. சபாக்கள் மயிலாப்பூருக்குப் போவதற்கு முன்பே தங்கசாலைத் தெருவில் கச்சேரிகளும் கதாகாலட்சேபங்களும் நடந்தன. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை, சென்ட்ரல் பக்கத்து விக்டோரியா பப்ளிக் ஹாலில் நாடகம் போட்டது. வால்டாக்ஸ் ரோட்டின் ஒற்றைவாடை தியேட்டர் பெயரைப் பழைய நாடகக்காரர்கள் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். எஸ்பிளனேடில் ராஜா அண்ணாமலை மன்றம் இன்றும் தமிழிசைக்கு இடம் கொடுக்கிறது. மேடைகள் தெற்கே நகர்ந்ததுதான் நடந்தது, ரசிகர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

பெண்களுக்கு இதில் என்ன கிடைக்கும்?

என் பார்வையில் இந்தக் கட்டடங்களால் அதிகம் லாபம் அடையப் போவது அவர்கள்தான். பையன்களுக்குத் தெரு இருக்கிறது, மைதானம் இருக்கிறது, இருட்டிய பிறகும் ஆடலாம். ஒரு பெண் ஆறு மணிக்கு மேல் கார்ப்பரேஷன் மைதானத்தில் ஓடினால் எத்தனை கண்! வீட்டில் "எங்கே போற, யாரோட போற" தொடங்கிவிடும். கல்லூரி வளாகத்துக்குள், வெளிச்சத்தில், பூட்டக்கூடிய உடை மாற்றும் அறையோடு ஒரு கூடம் இருந்தால் அம்மாவும் அனுப்புவார்.

அறை என்றால் உள்ளே தண்ணீர் வர வேண்டும், தாழ்ப்பாள் வேலை செய்ய வேண்டும், நாப்கின் போட மூடியுள்ள குப்பைத்தொட்டி வேண்டும், சுவரில் கொக்கி வேண்டும். கொக்கி இல்லாத உடை மாற்றும் அறையை வடிவமைப்பது பெரும்பாலும் அதைப் பயன்படுத்தாத ஆண்தான். பார்வையாளர் வரிசையில் இருந்து அறை வாசல் தெரியக் கூடாது. பஸ் ஸ்டாப் வரைக்கும் வழியில் விளக்கு எரிய வேண்டும். அது கல்லூரி எல்லைக்கு வெளியே என்று கைகழுவாமல் மாநகராட்சிக்கு எழுத வேண்டும்.

மாற்றுத்திறனாளி மாணவர்கள்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இது உரிமை, சலுகை அல்ல. சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஓர் அடி உயர வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளம். பேஸ்மட்டத்தை வெள்ளத்துக்காக மூன்றடி தூக்கினால் முப்பத்தாறு அடிச் சாய்தளமும் நடுவே நின்று இளைப்பாறச் சமதளமும் வேண்டும். அதற்கான இடத்தை முதலிலேயே விட வேண்டும். பார்வையாளர் வரிசைக்கு மட்டுமல்ல, மேடைக்கும் ஏற வழி இருக்க வேண்டும். பரிசு வாங்க நாலு பேர் தூக்கிச் செல்வதைக் கைதட்டி ரசிக்கும் காலம் போகட்டும்.

பக்கத்துத் தெருவில் கைக்குழந்தையும் நோயாளியும் இருக்கிறார்கள். ராத்திரி சத்தத்துக்கு யார் பொறுப்பு?

கல்லூரி நிர்வாகம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரம்பு. கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்பதும் அதே விதிகளில் வருவதுதான், கல்லூரியே அதை மீறினால் வேடிக்கை. மேடையின் பின்சுவர் தெருப் பக்கமா, கிரவுண்டுப் பக்கமா என்பதை வரைபடக் கட்டத்திலேயே பார்த்துக்கொண்டால் பாதிச் சண்டை மிச்சம்.

ஏரியா பசங்களை உள்ளே விடுவார்களா?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், இதற்குத்தான் நேரான பதில் கிடைப்பதில்லை. நான் பார்த்தவரை, ஒரு கூடத்தின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது அதன் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பது. சாவி அலுவலகத்தில் இருந்தால் பத்து மணிக்குத் திறந்து ஐந்து மணிக்குப் பூட்டுவார்கள், அதாவது வகுப்பு நடக்கும் நேரம் முழுக்கத் திறந்திருக்கும், விளையாடும் நேரம் முழுக்கப் பூட்டியிருக்கும். பி.டி. சார் ஒருவரே காலை ஐந்தரைக்கு வந்து ராத்திரி எட்டுக்குப் போக முடியாது, அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

ஆகவே கடைக்கால் தோண்டும் முன்பே மூன்று விஷயம் எழுத்தில் வர வேண்டும். காலை, மாலை இரண்டு ஷிஃப்டுக்குப் பொறுப்பாளர்கள், அவர்கள் சம்பளத்துக்கு வழி. வெளியாட்களுக்கான நேரம்: வகுப்பில்லாத வேளையில், அடையாள அட்டையோடு, பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக. அப்புறம், அடிபட்டால் யார் பொறுப்பு என்பதற்கு ஒரு காப்பீடு. "பாதுகாப்புப் பிரச்சினை" என்று ஒரே வார்த்தையில் கதவை மூடுபவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்று உண்டு. பதிவேட்டில் பெயர் எழுதி, அட்டை மாட்டி, தினமும் கேரம் ஆட வரும் பையன் அந்தக் கட்டடத்தின் கண்ணாடியை உடைக்க மாட்டான், உடைக்க வருபவனையும் விடமாட்டான்.

வாடகைக்கு விடுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். கார்ப்பரேட் டோர்னமென்ட்டுக்கு விட்டுப் பராமரிப்புச் செலவை எடுக்கலாம், தப்பில்லை. கல்யாணத்துக்கு விட்டால் மரத்தளத்தின் மேல் பந்திதான்.

என்னென்ன அனுமதி வாங்க வேண்டும்?

2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி திட்ட அனுமதி, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வந்தால் அதற்குத் தனி அனுமதி. அரங்கத்தின் கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், நிகழ்ச்சி நடக்கும்போது சங்கிலி போட்டுப் பூட்டக் கூடாது. டிக்கெட் இல்லாத கூட்டத்தைத் தடுக்கப் பின்கதவைப் பூட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது ஆபத்து.

பணம் எங்கிருந்து வரும்?

அரசு நிதி, பழைய மாணவர் நன்கொடை, தொகுதி மேம்பாட்டு நிதி. 2023இல் அறிவித்து 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கிவைத்த வடசென்னை வளர்ச்சித் திட்டம் இந்தப் பகுதிக்கென்றே வந்தது. அதைத் தவிர, நிறுவனங்கள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. விளையாட்டுப் பயிற்சியும் கலை, பண்பாடும் அந்தப் பட்டியலில் உண்டு. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் இருக்கிறது. மணலியின், எண்ணூரின் புகையை நாம்தானே சுவாசிக்கிறோம், கேட்க வெட்கப்பட வேண்டாம். கேட்கும்போது கட்டடத்துக்கு மட்டும் கேட்காமல் பத்து வருடப் பராமரிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். பெயர்ப்பலகைக்கு ஆசைப்பட்டுக் கட்டடத்துக்குக் கொடுக்கிறவர்கள் பல்பு மாற்றக் கொடுப்பதில்லை.

விளையாடியும் பாடியும் என் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா?

தமிழ்நாடு அரசு வேலைகளில் சாதித்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, போலீஸ் எப்போதும் ஆள் எடுப்பவை. எல்லாப் பிள்ளைக்கும் அது கிடைக்காது என்பதும் உண்மை. கலைக்கு அப்படி ஒதுக்கீடு இல்லை. ஆனால் லைட், சவுண்ட், மேடை அமைப்பு, பதிவு என்று அரங்கத்தின் பின்னால் இருக்கும் தொழில்கள் சோறு போடும். கல்லூரியின் அரங்கத்தை வெளி ஆபரேட்டரிடம் ஒப்படைக்காமல், மாணவர்களையே ஒருவர் கீழ் பழக விட்டால் மூன்று வருடத்தில் கைத்தொழிலோடு வெளியே போவார்கள்.

கட்டி முடித்துப் பூட்டியே வைத்திருந்தால் என்ன செய்வது?

முதலில் பி.டி. சாரிடம் ஒரு டீ சாப்பிட்டபடி கேளுங்கள். பெரும்பாலும் அவருக்கும் அதே ஆதங்கம் இருக்கும். நடக்கவில்லை என்றால், அரசுக் கல்லூரிக்கும் அரசு உதவி பெறும் கல்லூரிக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 பொருந்தும். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். "ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்டால் மழுப்பலாக ஒரு வரி வரும். கடந்த ஆறு மாதத்தின் பயன்பாட்டுப் பதிவேடு, மின்கட்டண ரசீது, பொறுப்பாளர் நியமன ஆணை, மூன்றின் நகலையும் கேளுங்கள். பதிவேடே இல்லை என்று பதில் வந்தால் அதை ஜெராக்ஸ் எடுத்து மாணவர் பேரவைக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.